ஒளி காட்டுற தண்ணி

தண்ணியில ஒரு சொட்டு மருந்து விட்டு, புற ஊதா விளக்கு அடிச்சா ஒளிருமாம். ஆறிணைய குரோமியம் கலந்திருந்தா அந்த ஒளி மங்கிடுமாம். நல்ல கண்டுபிடிப்புதான், குறை சொல்லல.

ஆனா ராணிப்பேட்டையில 1995-ல மூடின குரோமேட் ஆலையோட கழிவு, லட்சம் டன்னுக்கு மேல குமிஞ்சு கிடந்து, நிலத்தடித் தண்ணியே மஞ்சளாச்சு. அதைப் பார்க்க எந்த விளக்குங்க வேணும்? லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு விதி இருக்கு. பாலாத்துத் தோல் கழிவு வழக்குல, கெடுத்தவன்தான் காசு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1996-லயே சொல்லியாச்சு.

கண்ணுக்குத் தெரியாம கலக்குற தண்ணிக்குத்தான் இந்த விளக்கு வேணும். ஊராட்சிக்குக் கொடுங்க, எங்க புள்ளைங்களே கிணத்து மேட்டுல நின்னு பார்க்கும். அது காட்டினதை மனுவோட வச்சா, அன்னைக்கே ஆபீசர் வந்து மாதிரி எடுக்கணும். "போய் லேப் ரிப்போர்ட்டோட வாய்யா"ன்னு விரட்டுறதா இருந்தா, விளக்கை நீங்களே வச்சுக்குங்க.