இழுப்பை மறைக்க வேண்டாம். நீச்சலை நிறுத்த வேண்டாம்

நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. அலையில் நீந்தப் பழகிப் பின்பு போட்டிக்குப் பயிற்சி பெறும் பிள்ளைக்கு நெஞ்சு இறுகி இருமலும் இழுப்பும் வந்தால், பெற்றோர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர்: தண்ணீரே காரணம் என்று நீச்சலை நிறுத்துகின்றனர், அல்லது அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சி நோயை மறைக்கின்றனர். இரண்டும் தவறு என்பதே எங்கள் கருத்து.

நீச்சல் ஆஸ்துமாவுக்குப் பகையன்று. நீர்ப்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்று மூச்சுக்குழாயை அதிகம் உலர்த்துவதில்லை. அதனால் ஓட்டத்தைவிட நீச்சலில் இழுப்பு பொதுவாகக் குறைவாகவே வருகிறது. தொல்லை பெரும்பாலும் குளத்துக் காற்றில் உள்ளது. நீரில் இடும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகிறது. காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளங்களில் அதன் ஆவி நீர்மட்டத்தை ஒட்டியே தங்குகிறது. நீந்துபவர் மூச்சிழுப்பதும் அங்கேதான். மெரினா நீச்சல் குளம் போன்ற திறந்தவெளிக் குளங்களில் அது எளிதில் கலைந்துவிடும். குளத்தில் இறங்குமுன் குளிப்பது, உடன் நீந்துவோரின் நுரையீரலுக்கும் நாம் செய்யும் உதவி.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் முதலிடம் பெற்ற 16 வயது அமெரிக்கர் ரிக் டிமாண்ட், தமது ஆஸ்துமா மருந்தில் எபிட்ரின் இருந்ததால் பதக்கத்தை இழந்தார். அம்மருந்தை அவர் படிவத்தில் எழுதியிருந்தும், பொறுப்பாளர்கள் உரிய இடத்தில் தெரிவிக்கவில்லை. 1996 அட்லாண்டாவில் நான்கு தங்கம் வென்ற எமி வான் டைக்கனும் சிறு வயது முதல் ஆஸ்துமா உள்ளவரே. இன்று சால்பூட்டமால் இன்ஹேலரை வரையறுத்த அளவுக்குள் போட்டியாளர்கள் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆகவே பிள்ளையின் மருந்துகள் அனைத்தையும் பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூச்சுத்திணறல் எல்லாம் ஆஸ்துமா அன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டை அடைத்துச் சத்தம் வந்தால், கோளாறு குரல்வளையில் இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் பயன்படாது. உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் செய்யும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை காரணத்தை அறிய உதவும். பக்கத்து வீட்டாரின் இன்ஹேலரை இரவல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இழுப்பு வந்தால் பிள்ளை உடனே கரையேற வேண்டும்; தனியே நீந்தவே கூடாது. பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள். முறையாகச் சிகிச்சை பெறும் பிள்ளையைக் கரையில் உட்கார வைக்கத் தேவையில்லை.