ஏறாவூருக்கு ஓர் உதைபந்தாட்ட அரங்கு

ஏறாவூர் போன்றதொரு சிறு பட்டினத்திற்கு நவீன உதைபந்தாட்ட அரங்கு எதற்கு என வினவுவார் நம்மிடையே உளர். மட்டக்களப்பு நகரில் வெபர் விளையாட்டரங்கு இருக்கையில், அயலில் இன்னொன்று வேண்டுமோ என்பது அவர் கேள்வி. வேண்டும் என்பதே எமது துணிபு. மாலை வேளையிற் புகைவண்டியில் அவ்வூரைக் கடப்போர் சாளரம் வழியே நோக்குவாராயின், வெற்று நிலம் கண்ட இடமெல்லாம் பந்தின் பின்னே ஓடும் சிறுவரைக் காண்பர். ஆடுவோர்க்குக் குறைவில்லை, ஆண்டு முழுவதும் ஆடுதற்கேற்ற நிலத்துக்கே குறை.

ஆயின், எத்தகைய அரங்கு என்பதில் எமக்கு அச்சம் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில் 35,000 பேர் அமரத்தக்க கிரிக்கெட் அரங்கொன்று எழுந்தது. 2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகளில் இரண்டே அங்கு நடைபெற்றன. பின்னர் சர்வதேச ஆட்டமின்றி அது வெறுமையாய்க் கிடந்த காலம் நெடிது. மறுபுறம் ஐஸ்லாந்தை நோக்குக. அந்நாளில் மூன்றரை இலட்சத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்டிருந்த அந்நாடு, 2016 இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தை 2-1 என வென்றது. 2018 இல் உலகக் கிண்ணத்திலும் ஆடியது. அதன் தேசிய அரங்கிலோ பத்தாயிரம் பேருக்கும் இருக்கை இல்லை. பனிக்காலத்திலும் பிள்ளைகள் ஆடுதற்குக் கூரையிட்ட மைதானங்களை அமைத்து, சிற்றூர்கட்கும் தேர்ந்த பயிற்றுநரைத் தந்தமையே அதன் பெருஞ் சிறப்பு.

அவர்க்குப் பனி, நமக்கு மழை. ஐப்பசி தொடங்கித் தை வரை வாவிக்கரை ஊர்களின் மைதானங்கள் எந்நிலையில் இருக்கும் என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் உரைக்க வேண்டுவதில்லை. 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பொழியின், வீழும் நீர் ஏழு இலட்சம் லீற்றருக்கும் அதிகம். தாழ்ந்த நிலத்தில் அது தானே வடியாது. நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, அடியில் மணலும் சரளையும் பரப்பி, துளையிட்ட குழாய்களால் நீரைப் புறத்தே கொண்டுபோதல் வேண்டும். அயலவர் வளவுக்குள் அன்று! திறப்பு விழாவிற் புகைப்படத்திற்கு உரியது மேலே தெரியும் மாடம். பணம் புதைக்கப்பட வேண்டிய இடமோ மண்ணுக்குக் கீழே.

செயற்கைப் புல்லைச் சிலர் விதந்து பேசுவர். சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலுடன் நின்று பார்த்தபின் அவர் பேசுவாராக. மின்விளக்குகள் வேறு; வெப்பமிக்க நாட்டில் இரவாட்டம் ஆடம்பரமன்று. நோன்பு மாதத்தில் ஏறாவூர் இளைஞர்க்கு அதுவே ஏற்ற வேளையுமாகும்.

இனி, அரங்கு யாருடையது? ஏறாவூர்ப்பற்றின் பிரதேச செயலகம் இருப்பது செங்கலடியில். பெயரே இரண்டு ஊரையும் பிணைத்து நிற்கின்றது. 1990 ஆகஸ்ட் மாதம் ஏறாவூரிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த கொலைகளை இப்பகுதியார் மறந்திலர். பந்து அவற்றை அழித்துவிடும் என்று நாம் கூறோம். எனினும் செங்கலடிப் பிள்ளையோ வந்தாறுமூலைப் பிள்ளையோ வாயிலில் தயங்கி நிற்குமாயின், அவ்வரங்கு பாதிப் பயனே தரும். ஆதலின், முதற் செங்கல் வைக்குமுன்பே முஸ்லிம், தமிழ்ப் பாடசாலைகள் இரண்டுக்கும் உரிய நாட்களை எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். பெண்பிள்ளைகட்கும் வேளை ஒதுக்கல் வேண்டும். வாயிற் கதவின் திறப்பு ஒருவர் வீட்டில் தங்காது, இரு சாராரும் அமர்ந்த குழுவின் பொறுப்பில் இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. தெரிந்தெடுக்கும் நிலத்தில் ஒரு மாரி முழுவதும் நீர் எங்கே தேங்குகின்றது, எத்தனை நாள் நிற்கின்றது என அளந்து குறித்தபின்னரே வரைபடம் எழுதப்படல் நன்று. நம் பழைய மாணவருள் நில அளவையாளரும் பொறியியலாளரும் உளர். அவர்தம் உழைப்பில் சில நாட்களை இப்பணிக்கு ஈயுமாறு வேண்டுகின்றோம்.