நெம் போனதோடு லாபமும் போயிற்றா?

ஈப்போவில் சோலார் பேச்சை எடுத்தாலே, கூரை சோலாரின் உபரி மின்சாரத்தை வீட்டு பில்லில் கழித்துக்கொடுத்த நெம் திட்டத்தைச் சொல்லி ஒரே பதில்தான் வருகிறது: "கவர்மெண்டு சட்டத்தை மாத்திக்கிட்டே இருக்கும். நெம் முடிஞ்சது, லாபமும் முடிஞ்சது." தோட்டத் துண்டாடலில் லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இந்த அச்சம் இருப்பது இயல்பு. ஆனால் அச்சம் நியாயமானது என்பதால் கணக்கு சரியாகிவிடாது.

சட்டம் மாறினால் போட்ட ஒப்பந்தமும் கவிழும் என்கிறார்கள். சோலார் மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்க 2011 டிசம்பரில் தொடங்கிய ஃபிட் திட்டத்தில், 4 கிலோவாட் வரையுள்ள வீட்டுக் கூரைக்கு யூனிட்டுக்கு 1.23 ரிங்கிட் என்று 21 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்தடுத்து வந்தவர்களுக்கு விலை இறங்கிக்கொண்டே போனது, பிறகு அந்த வாசலே மூடியது. ஆனால் 2012-இல் சேர்ந்தவருக்கு அவருடைய விலை 2033 வரை உண்டு. ஸ்பெயின் அப்படிச் செய்யவில்லை. 2010-க்குப் பிறகு, ஓடிக்கொண்டிருந்த நிலையங்களின் வருமானத்திலேயே கைவைத்தது. முதலீட்டாளரை முறிப்பது அந்த வகை மாற்றம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மாற்றமென்றாலே நட்டம் என்பதும் தவறு. 2016-இல் வந்த முதல் நெம் திட்டத்தில், வீட்டுக்காரர் அனுப்பிய உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 31 சென்தான். அதில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 2019-இல் விதியை மாற்றி, அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழித்தார்கள். அதன் பிறகுதான் கூரைகள் நிறைந்தன. பெரிய சோலார் பண்ணைகளுக்கான நான்காம் ஏலத்திலும், தகட்டு விலை ஏறியபோது, ஒப்பந்தக் காலத்தை 21-இலிருந்து 25 ஆண்டாக நீட்டினார்கள்.

இனி நெம் முடிந்த கதை. 2025 ஜூன் 30-உடன் அது முடிந்தது உண்மை. மறுநாளே தெனாகா மின் நிறுவனத்தின் புதிய கட்டணமும் வந்தது. பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்திக்கு 27.03 சென், திறனுக்கு 4.55, வலையமைப்புக்கு 12.85, ஆக 44.43 சென். நெமுக்குப் பதிலாக 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில் வீட்டு உபரிக்குக் கிடைப்பது அந்த 27.03 சென் மட்டும். மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

மாதம் 900 யூனிட் எரிக்கும் வீட்டில் 5 கிலோவாட் தகடுகள் சுமார் 500 யூனிட் தருவதாக வைத்துக்கொள்வோம். பகலில் 200 மட்டும் எரித்து 300-ஐ அனுப்பினால், சலுகைகளைச் சேர்க்காமல், ஏறக்குறைய 170 ரிங்கிட் மிச்சம். அதே வீடு பகலிலேயே 400 எரித்தால் 205 ரிங்கிட். பழைய கட்டணத்தில், நெம் இருந்தபோது, இது 267 ரிங்கிட் வரை போயிருக்கும். லாபம் குறைந்திருக்கிறது, செத்துப்போகவில்லை. பகலில் ஏர்கோன் ஓடும் கிளினிக் வைத்த வீட்டுக்கும், எல்லாரும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் தாமான் வீட்டுக்கும் இனி ஒரே பதில் கிடையாது. எனக்குக் கோபம் வருவதெல்லாம், இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவுத் தகட்டைக் கடனில் தலையில் கட்டும் விற்பனையாளர்கள் மீதுதான்.

கடைசியாக, "பொறுத்திரு, இதைவிட நல்ல திட்டம் வரும்" என்கிறார்களே, அதையும் பார்ப்போம். நெம் மூன்றாம் கட்டத்தின் கெடுவை 2023 முடிவிலிருந்து 2025 ஜூன் வரை நீட்டினார்கள். அப்போது சேர்ந்தவர்களுக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் கையில் இருக்கிறது. இன்னும் நல்லது வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு வந்தது 27.03 சென்.