வாசலில் இருபது ஜோடி

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் மாடியில் லிஃப்ட் திறந்தால் காலை எங்கே வைப்பது என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். எதிர்வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பும் ஷூவும் கிடக்கும். மழை நாளென்றால் சொட்டும் குடைகள் வேறு. உள்ளே கணக்கு நடக்கிறது. நடத்துகிற பெண், மூன்று வருஷம் முன்புவரை இதே கொல்கத்தா நியூ டவுனில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர். பிள்ளைகளுக்கு இப்போதும் 'மிஸ்'தான்.

வேலையை விட்டாரே தவிர, பாடம் நடத்துவதை விடவில்லை. வங்காளத்தில் அது சுலபம். 2022 'ஏசர்' கல்வி ஆய்வறிக்கைப்படி இங்கே கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் 100க்கு 74 பேர் காசு கொடுத்து டியூஷன் போகிறவர்கள்; இந்தியச் சராசரி 30 சொச்சம். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வருகிறவருக்கு அடுத்த தெருவிலேயே பிழைப்பு காத்திருக்கிறது.

"சம்பளம் போதலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுவும்தான் தாதா. அட்மிஷன் சீசன்ல மால் வாசல்ல நோட்டீஸ் கொடுக்க நிறுத்தினாங்க. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் வந்து கையை நீட்டி வாங்கிட்டுப் போனான். மறுநாள் அவன் தம்பிக்கு எப்படி வகுப்பெடுக்கிறது?"

அரசுப் பள்ளி வேலை கிடைத்தால் போவேன் என்று அப்போது சொன்னார். அதன் பிறகு வந்தது 2025 ஏப்ரல் 3. மாநிலப் பள்ளிப் பணித் தேர்வாணையம் 2016 தேர்வின் மூலம் செய்த 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விடைத்தாள் மதிப்பெண்களில் விளையாடியிருந்தார்கள். எது நல்ல நெல், எது பதர் என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஆதாரங்களும் அழிந்திருந்தன. ஆகஸ்டில் ஆணையமே வெளியிட்ட முறைகேட்டுப் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1,800 ஆசிரியர்கள். மற்றவர்கள் செய்த குற்றம் அதே வருஷம் பரீட்சை எழுதியதுதான். அதற்கு முன்பே மே மாதம், இங்கே பக்கத்திலுள்ள சால்ட் லேக்கில், கல்வித்துறை இயங்கும் விகாஷ் பவன் வாசலில் அவர்கள் உட்கார்ந்தார்கள். 15ஆம் தேதி போலீஸ் தடியடி நடத்தியது. ஒன்பதாம் வகுப்பில் 'சத்தம் போடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ரத்தம் வழிய நின்றதை டிவியில் பார்த்தோம்.

செப்டம்பர் 7, 14 தேதிகளில் மறுதேர்வு. என் எதிர்வீட்டுக்காரரும் எழுதினார். பக்கத்து பெஞ்சில், வேலை பறிபோன ஒரு ஆசிரியர். அதே ஹாலில் அந்த ஆசிரியரிடம் படித்த பெண்ணும் இருந்தாளாம். புது விதியில் கற்பித்த அனுபவத்துக்கு 100க்கு 10 மதிப்பெண். ஒருவர் வகுப்பில் நின்ற வருஷங்களுக்கு அரசு போட்ட விலை அது.

தமிழ்நாட்டுக்காரனாக நான் நெஞ்சை நிமிர்த்த முடியவில்லை. 2012இல் அங்கே ஓவியம், தையல், கணினி, உடற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். 2024இல் அது 12,500 ஆனது. பல வருஷம் மே மாதம் சம்பளமே கிடையாது; மே மாதத்தில் வயிறு மட்டும் லீவு எடுக்குமா? நியமிக்கப்பட்டவர்களில் நாலாயிரம் பேருக்கு மேல் இப்போது பணியில் இல்லை.

ஆசிரியர்களைத் தக்கவைக்க விருது, பயிற்சி முகாம், செப்டம்பர் 5இல் பூங்கொத்து என்று நிறையச் சொல்கிறார்கள். எனக்கு இவற்றில் நம்பிக்கை குறைவு. அடுத்த வருஷமும் இந்த வேலை இருக்கும் என்ற நிச்சயம், பீரியட் முழுக்கப் பாடம் நடத்த விடுவது, இவ்விரண்டும் இருந்தால் பாதிப் பேர் இருந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். இரண்டாவதற்குச் சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்கிறது. கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு கொடுத்துவிடுகிறது. 2025 நவம்பரில் இங்கே வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது எத்தனையோ வாத்தியார்கள் படிவக்கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எங்கள் மாடிக்கு வந்தவர் செருப்புக் குவியலைப் பார்த்து ஒரு கணம் நின்றார்.

"டியூஷனா?" என்றார்.

"கணக்கு," என்றேன்.

"நானும் கணக்குதான்," என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார்.