"ஏதாச்சும் ஆன்டிபயாடிக் குடுங்கண்ணே!"

மெடிக்கல் ஷாப்புல நிக்கும்போது அடிக்கடி காதுல விழுற வசனம்: "குழந்தைக்கு வயித்தால போகுது, ஏதாச்சும் ஆன்டிபயாடிக் குடுங்கண்ணே." அவரும் எடுத்துக் குடுத்துடுவார். எனக்கு இதுல உடன்பாடே இல்லைங்க.

குழந்தைகளுக்குத் தண்ணியா போற பேதி பெரும்பாலும் வைரஸால வர்றது. ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் பண்ணாது. தேவை ஓ.ஆர்.எஸ். கரைசலும், 10-14 நாள் துத்தநாக மருந்தும்தான். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-லேயே சொல்லியாச்சு.

ஆனா மலத்துல ரத்தம் வந்தா கதையே வேற. ஷிகெல்லா கிருமியா இருக்கலாம். வலிப்பு, உயிராபத்து வரைக்கும் போகலாம். அங்கே டாக்டர் பார்த்துக் குடுக்கற ஆன்டிபயாடிக்தான் காப்பாத்தும். ஒரு காலத்துல நாலிடிக்ஸிக் அமிலம் கேட்டுச்சு. அது எடுபடாமப் போக, சிப்ரோஃப்ளாக்சசின் வந்துச்சு. இப்போ அந்த வகை மருந்துக்கும் மசியாத ஷிகெல்லாவை, 2024-ல உ.சு.நி. தன்னோட ஆபத்தான கிருமிகள் பட்டியல்ல வச்சிருக்கு.

அதாவது, சும்மா முழுங்கற ஒவ்வொரு மாத்திரையும், நிஜமாவே உயிருக்குப் போராடுற இன்னொரு குழந்தையோட மருந்தை மழுங்கடிக்குது.

ரத்தம் தெரிஞ்சாலோ, குழந்தை துவண்டு போனாலோ டாக்டர்கிட்ட ஓடுங்க, மெடிக்கலுக்கு இல்ல. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?