தோல்வி யாருடைய கணக்கில்?

கடைசி ஓவரில எதிரணிக்கு 9 ஓட்டம் தேவை. பந்து எங்கட டீம் காக்கா ஒருத்தர்ர கையில. நாலாவது பந்தோட மெட்ச் முடிஞ்சது. சாகாமத்தில இருந்து திரும்பி வரக்குள்ள ஓட்டோவில யாரும் அவரோட கதைக்கல்ல. அதுக்குப் பிறகு அவர் கிறவுண்ட் பக்கமே வரல்ல. முதல்ல பெட் பண்ணின நாங்க 62க்குச் சுருண்டதைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கல்ல.

அமெரிக்காவின் பேஸ்போலில் இதை எழுதியே வைக்கிறார்கள். ஒவ்வொரு மெட்சின் தோல்வியும் பந்து வீசிய ஒருவரின் பெயரில் பதிவாகும். நியூயோர்க் மெட்ஸ் அணியின் அந்தோனி யங், 1992-93இல் தொடர்ச்சியாக 27 தோல்விகளைத் தன் பெயரில் சுமந்தார். 1993இல் அந்த அணியே 162 மெட்சில் 103ஐத் தோற்றது. அது எப்படி ஒருத்தன்ட குற்றமாகும்?

கிரிக்கட்டில் அப்படியொரு கணக்கு இல்லை. இருந்திருந்தால் எங்கள் நாட்டு அசந்த டி மெல் என்ன ஆகியிருப்பார்? 1983 உலகக் கிண்ணத்தில் அவர் எடுத்தது 17 விக்கட். அவரை முந்தியவர் 18 எடுத்த இந்தியாவின் ரொஜர் பின்னி மட்டும்தான். பின்னியின் அணி கிண்ணத்தைத் தூக்கியது. இலங்கை ஆறு மெட்சில் ஐந்தைத் தோற்றது. லீட்ஸில் பாகிஸ்தானுக்கு எதிராக 39 ஓட்டத்துக்கு 5 விக்கட் எடுத்தார் டி மெல். அன்றும் 11 ஓட்டத்தால் தோல்வி.

நான்கு வருடம் கழித்துக் கராச்சியில் விவியன் ரிச்சர்ட்ஸ் 181 அடித்த அன்று, டி மெல்லின் பத்து ஓவரில் 97 ஓட்டம் போனது. அவரைப் பற்றித் தேடினபோது என் கண்ணில் முதலில் பட்டதும் அந்த 97தான். அந்த 17ஐ நானாகத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போ பௌலருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கு. பிழையாப் போட்டா பிழைதான். ஆனால் அது அந்த நாலு பந்துக்கான பிழை. முழு மெட்சையும் அவர்ர தலையில கட்டுறது, 62க்குச் சுருண்ட நாங்க தப்பிச்சுக்கொள்ளத்தான்.

வாற வெள்ளி அசருக்குப் பிறகு காக்காட வீட்டுக்குப் போகப்போறோம். மன்னிப்புக் கேக்கணும். புதுப் பந்தையும் அவர்ர கையிலயே குடுக்கணும்.