ஜெர்மனியில் படிக்கப் போறீங்களா? இன்ஷூரன்ஸ் படிவத்தில் அவசரப்பட்டு கையெழுத்துப் போடாதீங்க!

'அட்மிஷன் வந்துடுச்சு, விசாவும் வந்துடும். அப்புறமென்ன, டிக்கெட் போட வேண்டியதுதானே!' ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிளாக்டு அக்கவுன்ட்டில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவைப் போட்டு முடிப்பதற்குள்ளேயே பெற்றோருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. அதனால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்று வரும்போது, 'எது கம்மியோ அதைப் போடு' என்று முடித்துவிடுகிறார்கள்.

ஆனால், ஜெர்மனியில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய முடியாது. அதைவிட முக்கியம், அங்கே போன புதிதில் போடும் ஒரு கையெழுத்தை, படிப்பு முடியும் வரை மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால், கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

பப்ளிக்கா, பிரைவேட்டா?

நோயாளிகளுக்கான காப்பீட்டைச் சட்டமாகவே 1883-ல் கொண்டுவந்த நாடு ஜெர்மனி. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய பப்ளிக் இன்ஷூரன்ஸ். டி.கே., ஏ.ஓ.கே., பார்மர், டி.ஏ.கே. என்று பல நிறுவனங்கள் இதை வழங்குகின்றன. எதில் சேர்ந்தாலும் அடிப்படைச் சிகிச்சைகள் சட்டப்படி ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் கட்டணத்திலும் சேவையிலும்தான் வித்தியாசம்.

மாணவர்களுக்கு இதில் சலுகைக் கட்டணம் உண்டு. நர்ஸிங் கேர் காப்பீட்டையும் சேர்த்து மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ வரை ஆகும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, மாதம் 14,000 ரூபாய்க்கு மேல். நம் வீட்டுக் கணக்குக்கு இது பெரிய தொகைதான். அதில் பாதிகூட வராத பிரைவேட் பாலிசி விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. இங்கேதான் கவனம் தேவை.

விலை குறைவு... ஏன்?

பப்ளிக் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே சர்க்கரை நோய், தைராய்டு, ஆஸ்துமா இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். காத்திருப்புக் காலம் கிடையாது. டாக்டரிடம் போனால் கார்டைக் காட்டினால் போதும். டாக்டர் எழுதித் தரும் மருந்துக்குப் பொதுவாக 5 முதல் 10 யூரோ வரையும், ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோவும் (ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாள்களுக்கு) நாம் கொடுக்க வேண்டும். மற்றதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

விலை குறைந்த பிரைவேட் பாலிசிகள் பலவற்றில் நிலைமை வேறு. பழைய நோய்களுக்குப் பணம் வராது, பிரசவத்துக்குக் காத்திருக்க வேண்டும், மனநலச் சிகிச்சைக்கும் பல்லுக்கும் உச்சவரம்பு இருக்கும். பெரும்பாலும் டாக்டர் பில்லை முதலில் நாம் கட்டிவிட்டு, பிறகு கேட்டு வாங்க வேண்டும். இன்ஹேலர் இல்லாமல் இரவில் தூங்க முடியாத பிள்ளைக்கு இப்படியொரு பாலிசி எடுத்துக் கொடுப்பது, ஓட்டைக் குடையைக் கொடுத்து மழையில் அனுப்புவது போலத்தான்.

அந்த ஒரு கையெழுத்து

பிரைவேட் பாலிசி வைத்திருந்தாலும், 'இவருடைய காப்பீட்டு நிலை இது' என்ற தகவல் ஏதாவதொரு பப்ளிக் நிறுவனம் வழியாகத்தான் பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைனில் போக வேண்டும். அப்போது, 'எனக்கு பப்ளிக் இன்ஷூரன்ஸிலிருந்து விலக்கு வேண்டும்' என்று விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். காப்பீட்டுக் கடமை தொடங்கிய 3 மாதங்களுக்குள் இதைச் செய்ய வேண்டும்.

விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த வருடம் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, 'சரி, இனிமேல் பப்ளிக்குக்கே வந்துடறேன்' என்றால் நடக்காது. மாணவர் என்ற நிலையிலேயே இருக்கும் வரை அந்தக் கதவு மூடியதுதான்.

வயது 29-ஆ? இன்னும் கவனம்!

மாணவர் சலுகைக் கட்டணம் 30 வயது வரைதான். 30 வயது நிறைவடையும் செமஸ்டரின் முடிவோடு அது நின்றுவிடும். இங்கே ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் கிளம்புகிறவர்களை இது நேரடியாகத் தொடும்.

29 வயதில் போகிற ஒருவர் பப்ளிக்கில் சேர்ந்துவிட்டால், 30 தாண்டிய பிறகும் தன்விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். கட்டணம் மாதம் 250 யூரோவைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால், காப்பீடு கையில் இருக்கும். அவரே முதலில் பிரைவேட் எடுத்து விலக்கும் வாங்கியிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. 30 வயதுக்குப் பிறகு முதன்முறையாக ஜெர்மனி போகிற மாணவருக்கு, பெரும்பாலும் பிரைவேட் மட்டும்தான் வழி. அப்படிப் போகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன், விதிவிலக்குகள் என்ற பகுதியை முழுசாகப் படித்துவிட வேண்டும்.

மொழிப் படிப்புக்கோ, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தயாரிப்புப் படிப்புக்கோ போகிறவர்களுக்கும் மாணவர் சலுகைக் கட்டணம் கிடையாது. பிஹெச்.டி. செய்கிறவர்களுக்கும் இல்லை. ஆனால், பல்கலைக்கழகத்தில் ஊழியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்தால் அந்த வேலை வழியாகவே காப்பீடு வந்துவிடும்.

நடுவில் விழும் இடைவெளி

பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் பொதுவாக அக்டோபர் 1-ல் தொடங்கும். மாணவர்களுக்கான பப்ளிக் காப்பீடும் அதையொட்டித்தான் ஆரம்பிக்கும். ரூம் பார்க்க வேண்டுமே என்று செப்டம்பர் முதல் வாரமே போய் இறங்கினால், அந்த மூன்று நான்கு வாரங்களுக்கு யார் பொறுப்பு? விமானம் ஏறும் நாளிலிருந்து காப்பீடு தொடங்கும் நாள் வரைக்கும் டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இருக்கட்டும். விசாவுக்கும் அது தேவைப்படும். ஆனால், அந்த டிராவல் பாலிசியை வைத்தே முழுப் படிப்பையும் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

போய்ச் சேர்ந்த பிறகு...

* வங்கிக் கணக்கு தொடங்கியதும் பிரீமியம் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். பாக்கி வைத்தால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். அடுத்த செமஸ்டர் பதிவே சிக்கலாகிவிடும்.

* மனைவி அல்லது கணவர், குழந்தை உடன் வருகிறார்களா? அவர்களுக்கு வருமானம் இல்லை என்றாலோ மிகக் குறைவு என்றாலோ, பப்ளிக்கில் தனிக் கட்டணம் இல்லாமலே அவர்களையும் சேர்க்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் 'எது மலிவு' என்ற கணக்கை இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

* உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரியிலோ விடுமுறை நாளிலோ, அவசரம்தான், ஆனால் ஆம்புலன்ஸ் தேவையில்லை என்றால் 116117. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

* வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருந்தின் பொதுப் பெயரோடு ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டு வாங்கிப் போங்கள். பிராண்டு பெயர் அங்கே வேறாக இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

'அதான் அங்கே இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று இங்கே குடும்ப பாலிசியிலிருந்து பிள்ளையின் பெயரை உடனே எடுத்துவிடாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். வருடத்துக்குச் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கப்போய், வருடக்கணக்கில் சேர்த்த காத்திருப்புக் காலத்தை இழப்பதா? பெயரை எடுக்கும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, பிள்ளையின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் எது, உறுப்பினர் எண் என்ன என்பது உங்கள் போனிலும் இருக்கட்டும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை அதைத் தேடி எடுக்கும் நிலையில் இல்லாமல் போகலாம். பக்கத்து ரூம் நண்பர் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்வார்!